ஐடா ஸ்கடர் அம்மையார்

இருதயத்தின் இடைச்சுவரில் துளையோடும், முறைமாறிய இரத்தக் குழாய்களோடும் பிறக்குங் குழந்தைகள் உளர். நல்லிரத்தமும் கெட்ட இரத்தமுங் கலத்தலால், அவருட் சிலர்க்கு உதடு நீலம் பாரிக்கும், மூச்சிளைக்கும். முற்காலத்தே இது தீராக் குறை. அதற்கும் பரிகாரங் கண்ட வேலூர் வைத்தியசாலையை நிறுவியவர் சரிதையைச் சுருங்கக் கூறுவோம்.

தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்ற இராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9இல் அம்மையார் பிறந்தார். தந்தையார் மருத்துவர், மகளோ அத்தொழிலை விரும்பினாரல்லர். திண்டிவனத்தில் ஓரிரவு, பிரசவ வேதனையுற்ற மனைவியரைக் காக்குமாறு கணவர் மூவர் தனித்தனியே வந்து இவரை வேண்டினர். ஆண் வைத்தியரை அவர்கள் ஏற்கவில்லை. அம்மையாரிடம் இரக்கம் இருந்தது, கல்வி இல்லை. விடியுமுன் அப்பெண்கள் மூவரும் மாண்டனர். அவ்விரவே இவரை மருத்துவராக்கிற்று.

1899இல் அமெரிக்காவிற் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு பணி தொடங்கினார். 1902இல் 40 படுக்கை கொண்ட வைத்தியசாலையும், 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் எழுந்தன. 1940களின் இறுதியில், ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க நிபுணர் அங்கே மார்பு இரண சிகிச்சையைத் தொடங்கினார். 1960 மே மாதத்தில் அம்மையார் காலமானார். மறு ஆண்டே, இருதயத்தைத் திறந்து செய்யும் இரண சிகிச்சை அவ்விடத்தில் வெற்றி கண்டது.

இரக்கம் கல்வியோடு கூடியபொழுதே உயிர் காக்கும் என்பதை, கற்கும் பருவத்தினராகிய நாம் மறவாதிருப்போமாக.