புயலை முந்திய ராபர்ட் ஃபிட்ஸ்ராய்

தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்திகளில் கேட்டிருப்போம். இப்படிக் கரையில் அடையாளம் ஏற்றிக் கடலோடிகளை எச்சரிக்கும் முறையை 1861ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கி வைத்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வின் பயணம் செய்த பீகல் கப்பலின் தலைவர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. ஆனால், கடலில் அவர் காப்பாற்றிய உயிர்களுக்காகவும் அவரை நினைவுகூர வேண்டும்.

1805ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த ஃபிட்ஸ்ராய், சிறு வயதிலேயே கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 23 வயதில் பீகல் கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது. சில வாரங்களில், 1829ஆம் ஆண்டு ஜனவரியில், தென்னமெரிக்காவின் லா பிளாட்டா முகத்துவாரத்துக்கு அருகே சோதனை வந்தது. காற்றழுத்தமானியின் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் அவர் பாய்களை உரிய நேரத்தில் சுருக்கவில்லை. திடீரென வீசிய சூறைக்காற்றில் கப்பல் சாய்ந்தது, பாய்மரங்கள் முறிந்தன, மாலுமிகள் இருவர் உயிரிழந்தனர். கருவி முன்கூட்டியே சொல்லியும் கேட்காமல் போனோமே என்ற வருத்தம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. அதன்பின் காற்றழுத்தமானியை அவர் ஒருபோதும் அலட்சியம் செய்யவில்லை.

1854இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சிறிய வானிலைத் துறையை அமைத்து, அதை அவரிடம் ஒப்படைத்தது. கப்பல்களிலிருந்து வரும் வானிலைக் குறிப்புகளைத் தொகுப்பதே அவருக்குத் தரப்பட்ட வேலை. அவரோ அதோடு நிற்கவில்லை. மீனவர் ஊர்களின் கரையில் காற்றழுத்தமானிகளை வைக்க ஏற்பாடு செய்தார். படகை அவிழ்க்குமுன் எவரும் அதைப் பார்த்துப் புறப்படுவதா, காத்திருப்பதா என்று முடிவு செய்யலாம்.

1859ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு பெரும்புயல் பிரிட்டனைத் தாக்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராயல் சார்ட்டர் என்ற கப்பல், லிவர்பூலை நெருங்கிய வேளையில் வேல்ஸ் கரையோரப் பாறைகளில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். அந்தப் புயல் வந்த பாதையை ஃபிட்ஸ்ராய் ஆராய்ந்தார். புயல் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லப் பல மணி நேரம் ஆகும். தந்தியோ நொடியில் போய்விடும். எனவே புயலைத் தந்தியால் முந்தலாம் என்று கண்டார்.

கடற்கரை ஊர்களிலிருந்து வானிலை விவரங்கள் தந்தி வழியே லண்டனுக்கு வந்தன. ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். உடனே அங்குள்ள கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றப்படும். கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்தும், கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்தும் பலத்த காற்று வரும் என்று பொருள். இரவில் விளக்குகள் அதே செய்தியைச் சொல்லும். 1861 ஆகஸ்டு முதல் நாளிதழில் பொதுமக்களுக்கான வானிலை முன்னறிவிப்பையும் அவர் வெளியிட்டார்.

கணிப்பு பொய்த்த நாள்களில் ஏளனமே மிஞ்சியது. எச்சரிக்கையால் மீன்பிடி நாள்கள் வீணாகின்றன என்று படகு முதலாளிகள் முணுமுணுத்தனர். இதற்கு அறிவியல் அடிப்படை போதாது என்று அறிஞர்கள் சிலரும் குறை கூறினர். பணக் கவலையும் மனச்சோர்வும் சேர்ந்து வாட்ட, 1865ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கடலை நம்பி வாழ்ந்தவர்கள் அவை வேண்டும் என்று குரல் கொடுக்க, 1867இல் மீண்டும் தொடங்கின. 2002ஆம் ஆண்டில், பிரிட்டனின் கடல் வானிலை அறிக்கையில் வரும் ஒரு கடற்பகுதிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

மாணவர்களே, இன்று காற்றழுத்தமானியைத் தேடிக் கரைக்குப் போக வேண்டியதில்லை. வானிலை எச்சரிக்கை நம் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. ஆனால் அதைக் கேட்டு நடப்பது இன்றும் நம் பொறுப்புதான். விடுமுறையில் தீவுக்குப் படகேறுமுன்னும், கடற்கரையில் கூடாரம் அடிக்குமுன்னும் அன்றைய எச்சரிக்கையைப் பாருங்கள். கடலில் இருக்கும்போது வானம் கறுத்து, குளிர்காற்று திடீரென வீசினால் உடனே கரை திரும்புங்கள். இடி கேட்டால் கூடாரத்திலோ மரத்தடியிலோ ஒதுங்காமல், உறுதியான கட்டடத்துக்குள் செல்லுங்கள். பயணத்தைத் தள்ளிப்போட்ட பிறகு புயல் வராமலே போகலாம். அதனால் இழப்பது ஒரு நாள் மட்டுமே.