கண்ணப்ப நாயனார்

கண்ணப்ப நாயனார் சைவ சமயத்தவர் போற்றும் அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராவார். வேடர் குலத்தைச் சேர்ந்த இவரது இயற்பெயர் திண்ணன் என்பதாகும். வேதமோ ஆகமமோ கல்லாதவராக இருந்தும், ஆறு நாள் வழிபாட்டில் தம் கண்ணையே இறைவனுக்கு அளித்தவர் எனப் புகழப்படுகிறார். இவரது வரலாற்றை விரிவாகக் கூறும் நூல், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சிதம்பரத்தில் இயற்றிய பெரிய புராணம் ஆகும். பழந்தமிழரின் வேட்டை முறை, வேட்டை நாய்கள், காட்டு விலங்குகளைப் பிடித்து வளர்க்கும் வழக்கம் ஆகியவற்றைப் பற்றிய பல செய்திகளும் இவ்வரலாற்றில் காணப்படுகின்றன.

காலம்

கண்ணப்பர் வாழ்ந்த ஆண்டுகளைத் துணிந்து கூறச் சான்றுகள் இல்லை. 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் தம் தேவாரப் பாடல்களில் இவர் கண் அளித்த செய்தியைக் குறிப்பிடுவதால், இவர் அக்காலத்திற்கு முற்பட்டவர் என்பது தெளிவு. கீழ்வரும் வரலாறு பெரிய புராணத்தின்படி அமைந்ததாகும்.

பிறப்பும் இளமையும்

பொத்தப்பி நாட்டில் உடுப்பூர் என்னும் மலையூரில் வேடர் தலைவனாக இருந்தவன் நாகன். அவன் மனைவி தத்தை. இந்நாடு இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. நெடுங்காலம் பிள்ளைப்பேறு இல்லாதிருந்த இவர்கள் முருகனை வழிபட்டு ஓர் ஆண்மகவைப் பெற்றனர். குழந்தையைக் கையில் ஏந்திய நாகன், அதன் திண்மையை உணர்ந்து திண்ணன் எனப் பெயரிட்டான்.

உடுப்பூரின் தோற்றத்தைச் சேக்கிழார் ஒரு வேட்டை ஊருக்கு உரிய நுட்பங்களுடன் காட்டுகிறார். விளாமரங்களில் வளைந்த காதுகளையுடைய நாய்கள் கட்டப்பட்டிருந்தன. கிளைகளில் வலைகள் தொங்கின. முற்றங்களில் பன்றி, புலி, கரடி, மான் முதலியன பார்வை விலங்குகளாக இருந்தன. பார்வை விலங்கு என்பது, காட்டிலுள்ள தன் இனத்தை ஈர்த்துப் பிடிப்பதற்காகப் பழக்கி வைக்கப்படும் விலங்காகும். தவழும் பருவம் கடந்த திண்ணன், அத்தகைய பார்வைப் புலி ஒன்றின் திறந்த வாயைக் குகையென்று எண்ணிக் கையை நீட்டினான் என்றும், தந்தை சிறு தளிரை ஓங்கி அதட்டவே கண்ணீர் விட்டான் என்றும் கூறப்படுகிறது.

சற்று வளர்ந்தபின், முயற்குட்டி, காட்டுப்பன்றிக் குட்டி, புலிக்குட்டி, செந்நாய்க் குட்டி ஆகியவற்றை ஓடித் துரத்திப் பிடித்து வந்து, முற்றத்து மரங்களில் கட்டி வளர்ப்பது அவனது விளையாட்டாக இருந்தது. விலங்கின் ஓட்டத்தையும் இயல்பையும் இவ்வாறு அறிந்துகொண்ட பின்னரே வில் பயிற்சி தொடங்கியது. பதினாறு வயதளவில் அவன் வில்வித்தையில் முழுத் தேர்ச்சி பெற்றான்.

கன்னி வேட்டை

நாகன் மூப்படைந்து வேட்டையில் தளர்ந்தபோது, காட்டு விலங்குகள் பெருகிப் புனங்களை அழித்தன. வேடர்கள் வந்து முறையிடவே, நாகன் தலைமைப் பொறுப்பைத் திண்ணனிடம் ஒப்படைத்தான். தேவராட்டி என்னும் பூசை செய்பவள் காட்டுத் தெய்வங்களுக்குப் பலியிட்டு வாழ்த்தினாள். தந்தை உடைதோலும் சுரிகையும் தந்து மகனை அனுப்பினான். தலைவனாகத் திண்ணன் சென்ற இம்முதல் வேட்டை கன்னி வேட்டை எனப்படுகிறது.

சிவந்த நாக்கைத் தொங்கவிட்ட நாய்கள் வேடருடன் முன்னே சென்றன. காட்டைச் சுற்றி வலை கட்டி, பறை முழக்கி, விலங்குகளை எழுப்பினர். வலையை அறுத்துக்கொண்டு தப்பும் விலங்குகளை மடக்கிப் பிடிப்பது நாய்களின் வேலை. இதற்குச் சேக்கிழார் கூறும் உவமை குறிப்பிடத்தக்கது. இருவினை என்னும் வலையில் சுழல்பவர், அதிலிருந்து மீண்டு நல்வழியில் செல்ல முயலும்போது ஐம்பொறிகள் குறுக்கே வந்து மனத்தைத் தடுப்பதைப் போல அந்நாய்கள் தடுத்தன என்கிறார்.

வேட்டைக்கும் சில வரம்புகள் இருந்தன. யானைக் கன்றுகளைத் தொடர்வதில்லை. சிறு குட்டிகளைக் கொல்வதில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பெண் விலங்குகளைத் துன்புறுத்துவதில்லை. கொல்லும் தொழிலினரிடமும் இவ்வறம் இருந்ததை நூல் பதிவு செய்துள்ளது.

அப்போது ஒரு காட்டுப்பன்றி வலையை அறுத்துக்கொண்டு ஓடியது. திண்ணனும், நாணன், காடன் என்னும் இரு தோழர்களும் மட்டுமே அதைத் தொடர்ந்தனர். நெடுந்தொலைவு ஓடிக் களைத்து ஒரு மரச்செறிவில் நின்ற பன்றியைத் திண்ணன் சுரிகையால் வெட்டி வீழ்த்தினான். வலைக்குத் தப்பிய அவ்விலங்கே அவனைத் திருக்காளத்தி மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

திருக்காளத்தி வழிபாடு

பன்றியைப் பக்குவப்படுத்தும் பொறுப்பைக் காடனிடம் விட்டு, திண்ணனும் நாணனும் பொன்முகலி ஆற்றைக் கடந்து மலையேறினர். அங்கே இருந்த குடுமித் தேவர் என்னும் சிவலிங்கத்தைக் கண்டதும் திண்ணன் அன்பின் வயப்பட்டான். முன்பு ஒருமுறை நாகனுடன் வந்தபோது, அந்தணர் ஒருவர் நீராட்டி, இலையும் பூவும் சூட்டி, உணவு படைத்ததைப் பார்த்ததாக நாணன் கூறினான். இதுவே திண்ணன் பெற்ற ஒரே வழிபாட்டுப் பாடமாகும்.

மற்றவற்றையெல்லாம் தான் அறிந்த வேட்டைத் தொழிலிலிருந்தே அவன் எடுத்துக்கொண்டான். இறைச்சியைத் தீயில் வாட்டி, வாயிலிட்டுச் சுவைத்துப் பார்த்து, நல்ல துண்டுகளைத் தேர்ந்தான். ஒரு கையில் இறைச்சியும் மறு கையில் வில்லும் இருந்ததால், நீரை வாயில் முகந்துகொண்டான். பூக்களைத் தலையில் செருகிக்கொண்டான். இரவில் கொடிய விலங்குகள் வரக்கூடும் என்று வில்லேந்தி விடியும்வரை காவல் நின்றான். மகன் திரும்பாததை அறிந்த நாகன் தேவராட்டியுடன் வந்து அழைத்தும் அவன் செல்லவில்லை.

பகலில் திண்ணன் வேட்டைக்குச் சென்றபோது, ஆகம முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் வந்தார். சந்நிதியில் எலும்பும் இறைச்சியும் கிடப்பதைக் கண்டு வருந்தி, அவற்றை அகற்றித் தூய்மை செய்து பூசித்தார். நாள்தோறும் இவ்வாறே நிகழ்ந்தது. அவர் முறையிட்டபோது இறைவன் கனவில் தோன்றி, அவ்வேடனின் செயல் ஒவ்வொன்றும் தமக்கு இனியது என்று உணர்த்தி, மறைந்திருந்து காணுமாறு பணித்தார்.

ஆறாம் நாள் திருமேனியின் வலக்கண்ணில் குருதி வழிந்தது. யாரோ தாக்கினர் என்று எண்ணித் திண்ணன் சுற்றிலும் தேடினான். பச்சிலை பிழிந்தும் குருதி நிற்கவில்லை. ஊனுக்கு ஊன் என்னும் வேடர் மருத்துவம் நினைவுக்கு வர, தன் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பினான், குருதி நின்றது. பின்னர் இடக்கண்ணிலும் குருதி வழிந்தது. தன் மறு கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாது என்பதால், அடையாளமாகத் தன் காலை அவ்விடத்தில் ஊன்றி அம்பை எடுத்தான். அப்போது இறைவன் கண்ணப்பன் என அழைத்துக் கையைப் பிடித்துத் தடுத்து, தம் வலப்பக்கத்தில் என்றும் நிற்க அருளினார்.

கடலூர், சிதம்பரம் பகுதியும் கண்ணப்பர் வரலாறும்

கண்ணப்பர் வாழ்ந்தது காளத்தியில் எனினும், அவரது வரலாறு நிலைபெற்றதில் இன்றைய கடலூர் மாவட்டப் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. இவரைப் பாடிய திருநாவுக்கரசர் பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்தவர். மாணிக்கவாசகர் தில்லையில் அருளிய திருக்கோத்தும்பியில், கண்ணப்பரது அன்புக்கு நிகரான அன்பு தம்மிடம் இல்லை என்று ஏங்குகிறார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரைச் சேர்ந்த நம்பியாண்டார் நம்பி தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் இவரைப் போற்றியுள்ளார். நக்கீரர், கல்லாடர் ஆகியோர் தனித்தனியே இயற்றிய, திருக்கண்ணப்ப தேவர் திருமறம் என்னும் ஒரே பெயருடைய இரு நூல்கள் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ளன.

இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சரான சேக்கிழார், சிதம்பரம் நடராசர் கோயிலில் பெரிய புராணத்தைப் பாடி, ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. ஆகம வழிபாடு சிறந்து விளங்கும் சோழநாட்டுப் பெருங்கோயிலில், ஆகமம் அறியாத ஒரு வேடனின் வழிபாடு உயர்ந்ததாக எடுத்துரைக்கப்பட்டது இந்நூலின் சிறப்புகளுள் ஒன்றாகும். அதே வேளையில் சிவகோசரியாரும் இழிவாகக் காட்டப்படவில்லை. அவரது பூசையும் மெய்யன்பின் வெளிப்பாடாகவே சொல்லப்படுகிறது. பஞ்சபூதத் தலங்களுள் சிதம்பரம் ஆகாயத் தலமாகவும் திருக்காளத்தி வாயுத் தலமாகவும் கருதப்படுகின்றன.

நினைவும் தாக்கமும்

ஆதிசங்கரர் இயற்றியதாகக் கருதப்படும் சிவானந்தலகரியிலும் இவரைக் குறித்த சுலோகம் உள்ளது. 1954இல் வெளிவந்த பேடர கண்ணப்பா என்னும் கன்னடத் திரைப்படத்தில் ராஜ்குமாரும், 1976இல் வெளிவந்த பக்த கண்ணப்பா என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் கிருஷ்ணம் ராஜுவும் கண்ணப்பராக நடித்தனர். சிவாலயங்களில் இவரது குருபூசை ஆண்டுதோறும் தை மாதம் மிருகசீரிட நாளில் கொண்டாடப்படுகிறது. அறுபத்து மூவர் வரிசையில் வில்லும் அம்பும் கொண்ட இவரது உருவத்தை எளிதில் அடையாளம் காணலாம்.