ஹாப்கின் பெருமகனார்

மருந்தைக் கண்டறிதல் அறிஞர் தொழில். அதனை மக்கள்பாற் கொண்டு சேர்த்தல் அரசின் தொழில். இவ்விரண்டனுள் ஒன்று பிழைப்பினும் நோயே வெல்லும். இவ்வுண்மையைத் தம் உழைப்பாலும் தம் துன்பத்தாலும் விளக்கிச் சென்றவர் வால்டெமார் ஹாப்கின் என்னும் பெரியார். வாந்திபேதிக்கும் பிளேக்கு என்னும் கொள்ளைநோய்க்கும் நம் நாட்டில் முதன்முதல் தடுப்பு ஊசி குத்தியவர் இவரே. இவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சிக் கழகமொன்று இன்றைய மும்பையில் உளதாயினும், இவர் வரலாற்றை அறிந்தார் நம்மிற் சிலரே. ஆதலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள், ருஷியப் பேரரசுக்குட்பட்ட ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தனர். அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மெச்னிகாப் என்னும் பேராசிரியரிடம் விலங்கியல் கற்றனர். இளமையிலேயே கொடுங்கோன்மையை எதிர்த்தவராதலின் சிறையும் கண்டனர். அறிவில் மேம்பட்டிருந்தும், யூதரென்ற ஒரு காரணத்தால் பல்கலைக்கழகத்தில் உயர்பதவி பெறல் அவர்க்கு அரிதாயிற்று. அரசு சமயத்தைத் தழுவின் வழி திறக்கும். அவர் அதற்கு இசைந்திலர். பதவியை விலையாகக் காட்டி ஒருவனைத் திருச்சபைக்கு அழைத்தல் எத்துணைச் சிறுமையென்பதைக் கிறிஸ்தவராகிய நாம் இவ்விடத்தில் நாணத்தோடு எண்ணிப் பார்த்தல் தகும்.

1888-ல் அவர் தாய்நாட்டை நீத்தனர். மறு ஆண்டில் பாரிசு நகரஞ் சென்று, பாஸ்டர் பெருமானார் நிறுவிய கழகத்தில் நூலகத் துணையாளராக அமர்ந்தனர். நூல்களைப் பேணும் வேலை போக எஞ்சிய நேரமெல்லாம் வாந்திபேதிக் கிருமிகளை ஆராய்ந்தனர். அக்கிருமிகளை வலிகுன்றச் செய்து உடலிற் செலுத்தின், உடல் அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் பெறும் எனக் கண்டனர். 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள் அம்மருந்தைப் பிறர்க்கு இடுமுன் தமக்கே குத்திக்கொண்டனர். முன்னர் இந்தியாவில் இராசப்பிரதிநிதியாயிருந்து, அப்போது பாரிசில் ஆங்கிலத் தூதராயிருந்த டப்ரின் பிரபு, அந்நோய் நிலைத்து உறையும் இந்தியாவுக்குச் செல்லுமாறு அவரைத் தூண்டினர்.

1893-ல் ஹாப்கின் கல்கத்தாவை அடைந்தனர். மருத்துவப் பட்டம் அவர்பால் இல்லை, ஆங்கிலேயரும் அல்லர். ஆதலின், அதிகாரிகளாயிருந்த மருத்துவர் பலர் அவரைத் தம்முள் ஒருவராகக் கொண்டிலர். மக்களும் ஊசியைக் கண்டு அஞ்சினர். அவ்வச்சத்தை அவர் சட்டத்தாற் போக்க முயன்றிலர். வங்க மருத்துவர் சிலரை உடனழைத்துக்கொண்டு குடிசைகள் மலிந்த பகுதிகளுக்கு நடந்து சென்று, மக்கள் காணத் தம் உடலிலேயே முதலில் ஊசியேற்றிக் காட்டினர். 1894-ல் அத்தகைய பகுதியொன்றில் ஏறத்தாழ இருநூற்றுவருள் 116 பேர் ஊசி ஏற்றனர். பின்னர் ஆங்கு நோயுற்றவர் அனைவரும் ஊசி ஏலாதவராகவே இருந்தனர். கண்கூடான இச்சான்று மக்கள் மனத்தை மாற்றிற்று. 1895-ல் உடல்நலங் குன்றி அவர் ஐரோப்பாவுக்கு மீளுமுன், 40,000-க்கு மேற்பட்டோர் அவர் மருந்தை ஏற்றிருந்தனர்.

1896-ல் அவர் மீண்டும் இந்தியா போந்தனர். அவ்வாண்டிலேயே பம்பாயிற் பிளேக்கு தோன்றிற்று. துரைத்தனத்தார் ஹாப்கினைப் பம்பாய்க்கு அனுப்பினர். மருத்துவக் கல்லூரியொன்றின் சிற்றறையிற் சில உதவியாளரோடு இரவு பகலாக உழைத்து, மூன்று திங்களுக்குள் அவர் மருந்தொன்றைச் சமைத்தனர். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் வழக்கம்போல் அதனை முதலில் தாமே ஏற்றுக் காய்ச்சலுற்றுத் தேறினர். அத்திங்களிலேயே பைகுல்லாச் சிறையில் தாமாக முன்வந்த கைதிகள் ஊசி ஏற்றனர். ஏலாதவரினும் அவர்க்கு நோய் பெரிதுங் குறைந்திருந்தது. இளைஞராயிருந்த ஆகாகான் பலரறியத் தாம் ஊசி ஏற்றுத் தம் இனத்தாரையும் ஏற்கச் செய்தனர். ஆராய்ச்சிக்குத் தம் மாளிகையையும் உதவினர். 1899-ல் அவ்வாராய்ச்சிச் சாலை பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு மாறிற்று.

அதே 1897-ல் துரைத்தனத்தார் மற்றொரு வழியுங் கையாண்டனர். கொள்ளைநோய்ச் சட்டம் பிப்ரவரித் திங்களிற் பிறந்தது. புனாவில் போர்வீரர் வீடுகளுட் புகுந்து நோயாளரைத் தேடினர். பெண்டிர் இருந்த உள்ளறைகளும் பூசையறைகளும் தப்பவில்லை. மக்கள் நோயினும் அதிகாரிகளையே மிக அஞ்சினர், நோயாளரை ஒளித்தனர். அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் பிளேக்கு அதிகாரியாகிய ராண்டு சுடப்பட்டனர். ஹாப்கினுக்கும் அத்துரைத்தனத்துக்கும் பகை ஒன்றே, அது பிளேக்கு. ஆயினும், ஒருவர் மக்களின் இசைவை நாடினர். மற்றவர் அவர்தம் பணிவை நாடினர். இவற்றுள் நோயைத் தடுக்கும் வழி யாதென நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, அவர் வாழ்வில் இருள் சூழ்ந்த பகுதிக்கு வருவோம். 1902-ல் பஞ்சாபுத் துரைத்தனத்தார் தம் மாகாணத்து மக்கள் பல இலட்சம் பேர்க்கு ஊசி குத்தத் திட்டமிட்டுப் பெருந்தொகையான மருந்து வேண்டினர். விரைந்து மிகுதியாகச் சமைத்தற்பொருட்டு ஹாப்கின் தம் முறையைச் சிறிது மாற்றி, முன்னர்ச் சேர்த்து வந்த கார்பாலிக் அமிலத்தை விடுத்து, வெப்பத்தையே நம்பினர். அக்டோபர் 30-ஆம் நாள், இன்று பாகிஸ்தானத்துள் அமைந்த மல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர்க்கு ஊசி குத்தப்பட்டது. அவருள், ஒரே குப்பியிலிருந்து மருந்தேற்ற 19 பேர் டெட்டனஸ் என்னும் இசிவு நோயால் மாண்டனர்.

துரைத்தனத்தார் விசாரணைக் குழுவொன்று அமைத்தனர். அக்குழுவினர், குப்பி திறக்கப்படுமுன்னரே, அதாவது பம்பாயிலேயே, மருந்து கெட்டதென முடிவு கூறினர். ஹாப்கின் தலைமைப் பதவியினின்று நீக்கப்பட்டு, 1904-ல் நாட்டைவிட்டே அகன்றனர். ஆயினும், மல்கோவாலில் குப்பியைத் திறக்க உதவிய இடுக்கி நிலத்தில் வீழ்ந்ததும், அது செவ்வனே தூய்மை செய்யப்படாமலே மீண்டும் பயன்பட்டதும் சாட்சியத்தில் இருந்தன. கிருமி பல நாள் முன்னரே புகுந்திருப்பின் மருந்திலிருந்து தீநாற்றம் எழுந்திருக்கும். திறந்த மருத்துவர் அந்நாற்றத்தை உணர்ந்திலர். இச்சாட்சியங்கள் அடங்கிய ஏடுகளோ 1906-ஆம் ஆண்டின் இறுதிவரை உலகறிய வெளிவந்தில.

இம்முடிவு ஒரு மனிதரின் மானத்தை மட்டும் பற்றியதன்று. இடுக்கியிற் பிழையெனின், அஃது ஓர் ஊரில், ஒரு நாளில், ஒருவர் கையில் நேர்ந்த பிழை. இனி விழிப்பாயிருப்போம் என்று கூறி மக்களைத் தேற்றலாம். பம்பாயிற் பிழையெனின், நாடெங்கும் செல்லும் குப்பி ஒவ்வொன்றும் ஐயத்துக்கு இடமாகும். சான்றுகளைச் சீர்தூக்காது துரைத்தனத்தார் இரண்டாவதையே ஏற்றமையால், தாமே பரப்ப விரும்பிய மருந்தின்மேல் தாமே பழி ஏற்றினர். மக்கள் ஊசியை அஞ்சி விலகினர்; பஞ்சாபுத் திட்டம் தளர்ந்தது. பிளேக்கோ தளரவில்லை. 1907-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதற்கு இரையாயினர். அச்சாவெல்லாம் இம்முடிவால் விளைந்தனவென்று கூறுதல் நேர்மையன்று. அம்மருந்து அனைவரையும் காக்கவல்லதும் அன்று. ஆயினும், காத்திருக்கக் கூடிய உயிர்கள் பல அவற்றுள் இருந்தன என்பதில் ஐயமில்லை.

ஹாப்கின் வாளா இருந்திலர். அறிஞர் பலர்க்கு உண்மையை எடுத்துரைத்தனர். மலேரியாவைக் கொசு பரப்பும் என நிறுவிய ரொனால்டு ராஸ் முதலியோர் 1907-ல் இலண்டன் செய்தித்தாளொன்றில் அவர் சார்பாக வாதிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் அவர்மீதிருந்த பழி நீங்கிற்று. அவர் மீண்டும் கல்கத்தாவுக்கு வந்தனர்; ஆனால், தடுப்பு மருந்து சமைத்து மக்களிடங் கொண்டு செல்லும் பழைய பணி அவர்க்கு அளிக்கப்படவில்லை. உயிர்களைக் காத்த கை, ஏட்டாராய்ச்சியளவில் அமைந்து ஓய்ந்தது. அவர் பணியினின்று நீங்கி ஐரோப்பா சென்று, மணம் புரியாமலே தனித்து வாழ்ந்து, 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் லோசான் நகரில் உயிர் நீத்தனர். அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1925-ல், பரேல் ஆராய்ச்சிச் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அப்பெருமையை அவர் உயிரோடிருந்து கேட்டது ஓர் ஆறுதல்.

1897-ல் எழுந்த அச்சட்டம், கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டிலும் நம் நாட்டிற் கையாளப்பட்டது. சட்டம் ஊரடங்கச் செய்யும்; ஊசிக்குத் தோளை நீட்டச் செய்வது நம்பிக்கையே. அந்நம்பிக்கையோ, பிழை நேர்ந்த நாளில் உண்மையை மறையாது உரைக்கும் அரசுக்கே வாய்க்கும். நம் கல்லூரி மாணவருட் சிலர் மருத்துவராவர், சிலர் அதிகாரிகளாவர், விசாரணைக் குழுக்களில் அமர்வாரும் உளராதல் கூடும். அந்நாளில் எளிய முடிவொன்று கைக்கெட்டும் அணிமையில் வந்து நிற்குங்கால், மல்கோவாலில் மாண்ட பத்தொன்பதின்மரையும், அவர்க்குப்பின் ஊசிக்கு அஞ்சி மாண்ட எண்ணிறந்தோரையும், பழி சுமந்து கப்பலேறிய ஹாப்கினையும் அவர்கள் நினைவுகூர்வாராக.