தாய்மொழியில் கற்ற தாவர அறிஞர்

1858 ஆம் ஆண்டு வங்காளத்தில் பிறந்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ். அரச பதவி வகித்த தந்தையார், மைந்தனை முதலில் ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பாது வங்காளப் பாடசாலையிலேயே சேர்த்தார். அங்கு மீனவர், பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகள் இயற்கையை அறியும் வேட்கையை அவருள் விதைத்தன.

இயற்பியற் பேராசிரியரான பின்பும் அவ்வேட்கை தணியவில்லை. செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் 'கிரெஸ்கோகிராஃப்' கருவியை ஆக்கினார். தூண்டலுக்குத் தாவரங்களும் மின்துடிப்பால் மறுமொழி தருவதை ஆராய்ந்து காட்டினார். 1917 இல் கல்கத்தாவில் ஆய்வு நிலையமொன்றை நிறுவினார்.

உலகம் போற்றியபோதும் தாய்மொழியை அவர் மறந்தாரல்லர். கூந்தல் எண்ணெயால் புயல் அடங்குவதாக 1896 இல் வங்காளத்தில் கற்பனைக் கதை புனைந்தார். அறிவியற் கட்டுரைகளும் வரைந்தார். 1937 இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே, தாய்மொழிக் கல்வி அவரது அறிவியலுக்குத் தடையாகவில்லை, வேராயிற்று.