வண்ணத்துப்பூச்சிகளை எண்ணியவர்: ஹென்றி வால்டர் பேட்ஸ்

ஒரு குழுவாகக் காட்டுக்குச் சென்று, கண்ணில் படும் வண்ணத்துப்பூச்சிகளை இனம் கண்டு, எண்ணி, குறிப்புப் புத்தகத்தில் பதிந்து வருவது இன்று உலகின் பல நாடுகளிலும் நடைபெறும் ஒரு பயிற்சியாகும். மாலையில் எல்லோருடைய குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து இன்று இத்தனை இனங்கள் என்று கூட்டிப் பார்ப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் இப்படி எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையே விடையாக அமைந்திருக்கிறது. அவர்தான் ஹென்றி வால்டர் பேட்ஸ்.

1825 பெப்ரவரி 8 ஆம் திகதி இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பேட்ஸ் பிறந்தார். அவருடைய தந்தை காலுறை உற்பத்தித் தொழிலில் ஈடுபட்டவர். பேட்ஸின் பாடசாலைக் கல்வி ஏறத்தாழ பதின்மூன்று வயதில் முடிவுக்கு வந்தது. அதன்பின் ஒரு காலுறை உற்பத்தியாளரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். காலை ஏழு மணிக்குக் களஞ்சியத்தைக் கூட்டித் துப்புரவு செய்வதில் தொடங்கும் வேலை இரவு எட்டு மணிக்கே முடியும். இவ்வளவு களைப்புக்குப் பிறகும் அவர் தொழிலாளர்களுக்கான இரவு வகுப்புகளுக்குச் சென்றார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, சித்திரம் ஆகியவற்றைக் கற்றார். விடுமுறை கிடைத்தபோது அருகிலிருந்த சார்ன்வுட் காட்டுக்குச் சென்று வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் சேகரித்தார். ஈரமான இடங்களில் வாழும் வண்டுகளைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை 1843 ஆம் ஆண்டு ஒரு விலங்கியல் சஞ்சிகையில் வெளியானது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அடுத்த ஆண்டில் அவருடைய வாழ்வை மாற்றிய நட்பு உருவானது. லெஸ்டரில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியராக வந்த அல்பிரட் ரசல் வொலஸ் என்ற இளைஞரை அவர் சந்தித்தார். ஒரு நகரைச் சுற்றி ஐம்பது வகை வண்டுகள் இருக்கலாம் என்று எண்ணியிருந்த வொலஸ், பத்து மைல் சுற்றளவுக்குள் ஆயிரம் வகைகள் வரை இருக்கக்கூடும் என்று பேட்ஸிடமிருந்து அறிந்து வியந்து போனார். அன்றிலிருந்து இருவரும் ஒன்றாக வெளியே சென்று சேகரிக்கத் தொடங்கினர். வொலஸ் வேறு ஊருக்குச் சென்ற பின்னரும் கடிதங்கள் மூலம் அந்த நட்பு தொடர்ந்தது. இனங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்ற கேள்வி இருவரையும் விடாமல் பிடித்துக்கொண்டது. அதற்கு விடை தேட அமேசன் காடுகளுக்குச் செல்வோம் என்று 1847 இல் வொலஸ் யோசனை கூறினார்.

இருவரிடமும் செல்வம் இருக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. சேகரிக்கும் உயிரின மாதிரிகளை லண்டனில் உள்ள ஒரு முகவர் மூலம் விற்று, அந்தப் பணத்தில் செலவைச் சமாளிப்பது என்று தீர்மானித்தார்கள். 1848 ஏப்ரலில் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு மே மாத இறுதியில் பிரேசிலின் பாரா நகரை அடைந்தனர். இன்று அது பெலெம் எனப்படுகிறது. பேட்ஸுக்கு அப்போது 23 வயது. வொலஸுக்கு 25 வயது.

பாராவில் அவர்களுடைய நாள் ஓர் ஒழுங்கான கால அட்டவணைப்படி நடந்தது. விடிந்ததும் எழுந்து, காலை உணவுக்கு முந்திய இரண்டு மணி நேரத்தைப் பறவைகளுக்காக ஒதுக்கினர். பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணி வரை பூச்சிகளைத் தேடினர். மாலையில் சேகரித்தவற்றைப் பாதுகாப்பாக அடுக்கி, குறிப்புகளை எழுதினர். பேட்ஸின் சட்டையில் எப்போதும் ஓர் ஊசி மெத்தை குத்தப்பட்டிருக்கும். அதில் ஆறு அளவுகளில் ஊசிகள் இருக்கும். அந்த நகரிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கும் தூரத்துக்குள் ஏறக்குறைய 700 வண்ணத்துப்பூச்சி இனங்கள் வாழ்வதாக அவர் பின்னர் கணக்கிட்டார். பிரித்தானியத் தீவுகள் முழுவதிலும் அவர் அறிந்திருந்த இனங்கள் 66 மட்டுமே. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே வெப்பவலயக் காடுகளின் வளம் விளங்கும்.

சில காலத்தின் பின் நண்பர்கள் இருவரும் தனித்தனி வழியில் சென்றனர். 1851 இல் பாராவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது வொலஸின் தம்பி ஹேர்பேட் நோயுற்றார். அவரைப் பேட்ஸ் பராமரித்தும் காப்பாற்ற முடியவில்லை. பேட்ஸும் அதே நோயால் தாக்கப்பட்டுப் பின்னர் குணமடைந்தார். 1852 இல் நாடு திரும்பிய வொலஸின் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றி, அவருடைய சேகரிப்பின் பெரும் பகுதி அழிந்தது. பேட்ஸ் மட்டும் திரும்பவில்லை. அவர் மொத்தம் பதினொரு ஆண்டுகள் அங்கேயே தங்கினார்.

அதில் நான்கரை ஆண்டுகள் அவர் வாழ்ந்த இடம், மேல் அமேசன் பகுதியில் உள்ள ஏகா என்ற சிற்றூர். இன்று அதன் பெயர் தெஃபே. அங்கே வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. ஒருமுறை ஓராண்டு முழுவதும் கடிதமோ பணமோ வரவில்லை. உடைகள் கந்தலாயின. காலணி இல்லாமல் காட்டில் நடக்க வேண்டியிருந்தது. வேலையாள் ஒருவர் இருந்த பணத்தில் பெரும் பகுதியையும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். இங்கிலாந்திலிருந்து வரும் ஒரு வார இதழை அவர் மூன்று முறை வாசிப்பாராம். முதலில் பிடித்த கட்டுரைகளை, பிறகு மீதியை, கடைசியில் விளம்பரங்களை ஒன்றுவிடாமல் வாசிப்பாராம். தனிமை எவ்வளவு கொடியது என்பதை இது ஒன்றே காட்டும். ஆயினும் அந்த ஊரைச் சுற்றி மட்டும் 550 வண்ணத்துப்பூச்சி இனங்களை அவர் பதிவு செய்தார்.

இனி அவருடைய பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பைப் பார்ப்போம். அமேசன் காட்டு நிழலில் மெதுவாகப் பறக்கும், பளிச்சென்ற நிறமுடைய ஒரு வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் இருந்தது. மெதுவாகப் பறந்தாலும் பறவைகள் அவற்றைப் பிடித்து உண்ணுவதை அவர் காணவில்லை. அவை உண்பதற்கு ஒவ்வாதவை என்று கருதினார். பிடித்த பூச்சிகளை வீட்டில் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தபோது, ஒரே இனம் என்று எண்ணியவற்றுள் மிகச் சில மட்டும் வேறுபட்டிருந்தன. கூட்டத்தில் உள்ளவை நான்கு கால்களால் நடப்பவை. ஏனெனில் அவற்றின் முன்கால்கள் குறுகியவை. அந்தச் சிலவற்றுக்கோ ஆறு கால்களும் முழுமையாக இருந்தன. அவை வெள்ளை வண்ணத்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை! ஒவ்வாத இனத்தின் நிறத்தையும் பறக்கும் விதத்தையும் அவை கொண்டிருந்தன. பறக்கும்போது அனுபவமுள்ள பேட்ஸின் கண்களையே அவை ஏமாற்றின. இன்னொரு உண்மையையும் அவருடைய பதிவுகள் காட்டின. இடத்துக்கு இடம் அந்தக் கூட்டத்தின் நிறம் மாறும்போது, அதைப் போலத் தோன்றும் பூச்சியின் நிறமும் கூடவே மாறியது.

1859 இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். 14,700 க்கும் அதிகமான உயிரின வகைகளை அவர் சேகரித்திருந்தார். அவற்றுள் ஏறக்குறைய 8,000 வகைகள் அறிவியலுக்குப் புதியவை. பெரும்பாலானவை பூச்சிகள். பதினொரு ஆண்டு உழைப்புக்கு அவருக்கு மிஞ்சியதோ சுமார் 800 பவுண் மட்டுமே. அதே ஆண்டு நவம்பரில் சார்ள்ஸ் டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளியானது. பேட்ஸ் தமது கண்டுபிடிப்பை 1861 நவம்பரில் லினியன் சங்கத்தில் வாசித்தார். ஒவ்வாத இனத்தை ஓரளவு ஒத்திருந்த பூச்சிகள் பறவைகளிடம் தப்பிப் பிழைத்தன, மற்றவை இரையாயின, இவ்வாறு தலைமுறை தலைமுறையாக ஒற்றுமை கூடியது என்று அவர் விளக்கினார். இயற்கைத் தேர்வுக்குக் கண்ணால் காணக்கூடிய சான்று கிடைத்ததில் டார்வின் பெருமகிழ்ச்சி அடைந்தார். பயண அனுபவங்களை நூலாக எழுதும்படி பேட்ஸை ஊக்கப்படுத்தியவரும் அவரே. அந்த நூல் 1863 இல் வெளிவந்தது.

இவ்வளவு செய்த பின்னும் பிரித்தானிய நூதனசாலையில் அவர் எதிர்பார்த்த பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1864 இல் ரோயல் புவியியல் சங்கத்தின் உதவிச் செயலாளரானார். 1892 பெப்ரவரி 16 இல் இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். 1881 இல் ரோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. பதின்மூன்று வயதில் படிப்பை விட்ட பையனுக்குக் கிடைத்த பெரிய கௌரவம் அது.

அவர் விளக்கிய போலித்தோற்றத்தை நம் நாட்டிலேயே பார்க்கலாம். கறிவேப்பிலை, தேசி மரங்களில் முட்டையிடும் கொமன் மோர்மன் வண்ணத்துப்பூச்சியின் பெண்களில் ஒரு வகை, கிரிம்சன் ரோஸ் என்ற இனத்தைப் போலவே தோன்றும். கிரிம்சன் ரோஸின் புழு ஆடுதின்னாப்பாளையை உண்பதால் அது பறவைகளுக்கு ஒவ்வாதது. மோர்மனுக்கு அந்த நஞ்சு இல்லை; தோற்றம் மட்டுமே பாதுகாப்பு. உண்மையான கிரிம்சன் ரோஸின் உடல் சிவப்பு. போலியின் உடல் கறுப்பு. களப்பயணத்தில் இறக்கையை மட்டும் பார்த்து எண்ணினால் கணக்கு பிழைத்துவிடும்.

இலங்கையில் 240 க்கும் அதிகமான வண்ணத்துப்பூச்சி இனங்கள் உள்ளன. அவற்றில் எத்தனையை நாம் பெயர் சொல்லி அறிவோம்? பேட்ஸிடம் இருந்தவை ஒரு வலை, சில ஊசிகள், ஒரு குறிப்புப் புத்தகம், அவற்றோடு பொறுமை. இன்று குத்திச் சேகரிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பார்த்து எழுதினாலே போதும். அடுத்த முறை குழுவாக வெளியே செல்லும்போது ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பூச்சிகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிடாமல், உடலையும் கால்களையும் ஒருமுறை கூர்ந்து பார்ப்போம்.