நாற்காலியில் அமர்த்துவது யார்? மேயர் என். சிவராஜின் வாழ்வு எழுப்பும் கேள்வி

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களில் தனி ஊராட்சிகளின் தலித் தலைவர்களிடம் பேசும்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே குறையைத்தான்: பதவி இருக்கிறது, அதிகாரம் இல்லை. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரின் கையெழுத்தோடு துணைத்தலைவரின் கையெழுத்தும் வேண்டும் என்கிறது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 188ஆம் பிரிவு. துணைத்தலைவர் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவராக இருந்து, பேனாவை மூடி வைத்துவிட்டால் தெருவிளக்கும் எரியாது, குடிநீர்க் குழாயும் ஓடாது. தலைவர்மீது புகார்கள் குவியும். அதே சட்டத்தின் 205ஆம் பிரிவின்கீழ் அவரைப் பதவி நீக்கும் நடவடிக்கையும் தொடங்கிவிடும்.

இதற்கு முன்பு நாற்காலியில் அமரவே வழியில்லாத காலமும் இருந்தது. இதே விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலில் 1996இல் தொடங்கி 2006 அக்டோபர் வரை, செயல்படும் தலித் தலைவர் ஒருவரை ஆதிக்கச் சாதியினர் அனுமதிக்கவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மதுரை மாவட்ட ஊராட்சிகளின் கதையும் அதுவே. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் ஐந்து தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர்.

ஆனால் இதே தமிழ் நிலத்தில், கொட்டகச்சியேந்தலில் தேர்தல் நடப்பதற்கு 61 ஆண்டுகளுக்கு முன்னரே, சென்னை மாநகரின் மேயர் இருக்கையில் ஒரு தலித் வழக்கறிஞர் அமர்ந்தார். அவர் ராவ் பகதூர் என். சிவராஜ். நகரத்தில் இயன்றது கிராமத்தில் ஏன் இயலவில்லை? நகரத்தில் இயன்றதுதான் எவ்வளவு? அவருடைய அரசியல் வாழ்வை இந்தக் கேள்விகளோடு நாம் மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது.

நகரம் தந்த இடம்

சிவராஜ் 1892 செப்டம்பர் 29 அன்று கடப்பையில் பிறந்தார். மறுநாள், செப்டம்பர் 30 அன்று, சென்னை மாகாண அரசு 1010ஆம் எண் அரசாணையைப் பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடிக்கொண்டிருக்கும் நிலங்களுக்கு அடிப்படை அந்த ஆணைதான். செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலையை ஆராய்ந்து ஆட்சியர் டிரமென்ஹீர் அளித்த அறிக்கை அதற்கு வித்திட்டது. அந்தச் செங்கல்பட்டே பிற்காலத்தில் சிவராஜை நாடாளுமன்றத்திற்கு அனுப்பியது.

சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரான அவர், சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராகவும் பணியாற்றினார். 1918இல் மீனாம்பாளை மணந்தார். மீனாம்பாளின் தந்தை வி.ஜி. வாசுதேவப் பிள்ளை சென்னை மாநகராட்சி உறுப்பினர். மீனாம்பாள் ரங்கூனில் பிறந்தவர். கடல் கடந்த வணிகத்தால் உயர்ந்த மதுரைப் பிள்ளையின் குடும்ப வழி வந்தவர். 1928இல் சைமன் குழுவை ஆதரித்துப் பேசிப் பொதுவாழ்வில் நுழைந்த அவரும் மாநகராட்சி உறுப்பினரானார், தமிழகத் தலித் இயக்கத்தின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவரானார். சிவராஜை எழுதுகிறவர்கள் மீனாம்பாளை வெறும் துணைவியாகக் குறிப்பிட்டு நகர்வது வரலாற்றுப் பிழை.

இந்தக் குடும்பப் பின்னணி தற்செயலானதன்று. துறைமுகம், ரயில்வே, பஞ்சாலை, இராணுவம், வெள்ளையர் இல்லங்கள், பர்மாவுக்கும் இலங்கைக்கும் சென்ற கப்பல்கள் ஆகியவற்றின் கூலி ஊர்ப் பண்ணையாரின் களத்துமேட்டிலிருந்து வரவில்லை. சாதி நகரத்திலும் இருந்தது. 1921 பக்கிங்ஹாம் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் சேரிகள் எரிந்ததே அதற்குச் சான்று. ஆயினும் சோற்றுக்கும் குடியிருப்புக்கும் ஒரே நிலவுடைமைச் சாதியை அண்டி நிற்க வேண்டிய கட்டாயம் அங்கே தளர்ந்திருந்தது. வாக்குச் சீட்டு பேசத் தொடங்குவதற்கு அந்தத் தளர்வு அவசியம்.

நியமனத்தின் எல்லை

நீதிக்கட்சியோடு இணைந்து அரசியலுக்கு வந்த சிவராஜ், 1920களின் பிற்பகுதியில் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அங்கே நியமனத்தின் வழியாகவே பெரிதும் இடம்பெற்றனர். பின்னர் மத்திய சட்டமன்றத்திலும் அவர் நியமன உறுப்பினராகவே இருந்தார். பட்டமும் நியமனமும் பெற்ற ஆங்கில ஆட்சியின் ஆள் என்ற பழி அவர்மீது சுமத்தப்பட்டது. அந்தப் பழியை நாம் நேர்மையாகப் பரிசீலிக்க வேண்டும். நியமனம் பெற்றவர் நியமித்தவருக்குக் கடமைப்பட்டவர் என்பது உண்மைதான். ஆனால் சேரி மக்களுக்கு வாக்குரிமையே மறுக்கப்பட்டிருந்த நாளில், தேர்தலில் வென்று வந்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமாகுமா?

1932 பூனா ஒப்பந்தம் தேர்தலைக் கொடுத்தது. சென்னை மாகாணத்திற்கு 30 தனி இடங்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் முதற்கட்டத் தேர்தலில் நால்வர் வரை தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் இறுதியாகத் தேர்வு செய்வார்கள். தலித் மக்களின் முதல் தெரிவாக வந்தவர், மற்றவர்களின் வாக்கில் தோற்றுப்போக அந்த ஏற்பாட்டில் வழியிருந்தது. யார் யாருடைய பிரதிநிதி என்ற சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டுக்குச் சிவராஜ் தலைமை ஏற்றார். அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு அங்கே பிறந்தது. அதன் தலைவராகவும் அவரே ஆனார். அம்மாநாடு தனி வாக்காளர் தொகுதிகளோடு, பட்டியல் சாதியினருக்கான தனிக் கிராமங்களையும் கோரியது. நகரத்தில் வாழ்ந்த ஒரு சட்டப் பேராசிரியரின் தலைமையில் இந்தக் கோரிக்கை எழுந்ததை நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டும். நிலமும் கிணறும் பாதையும் ஆதிக்கச் சாதியின் கையில் இருக்கும்வரை கிராமத்தில் எந்த வாக்கும் சுதந்திரமான வாக்கன்று என்ற புரிதல் அதற்குள் இருக்கிறது.

மேயர் ஆண்டு

1945ஆம் ஆண்டு அவருடைய பொதுவாழ்வின் உச்சம். அம்பேத்கர் அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தார். ஆகவே ஜூன் மாத இறுதியில் தொடங்கிய சிம்லா மாநாட்டில் பட்டியல் சாதியினரின் பிரதிநிதியாகச் சிவராஜ் அமர்ந்தார். முஸ்லிம் உறுப்பினர்களை யார் நியமிப்பது என்ற பிணக்கில் மாநாடு முறிந்தது. அதே ஆண்டில் அவர் சென்னை மேயரானார். அவருக்கு முன்பே, 1937இல், ஜெ. சிவசண்முகம் பிள்ளை அப்பதவியை வகித்து முதல் தலித் மேயர் என்ற பெயரைப் பெற்றிருந்தார்.

அந்தப் பதவியின் சட்ட வடிவத்தைப் பாருங்கள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தனர். பதவிக்காலம் ஓராண்டு. 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் அரசு நியமித்த ஆணையரிடம் இருந்தது. தெருக்களைக் கூட்டி மலம் அள்ளிய தலித் தொழிலாளர்களின் மாநகராட்சிக்கு ஒரு தலித் தலைமை ஏற்றது பெரும் மாற்றம். ஆனால் அந்தத் தொழிலாளியின் வாழ்க்கையை ஓராண்டில் மாற்றும் கருவி மேயரின் கையில் இருக்கவில்லை.

இதற்கு அடுத்த ஆண்டே பாடம் வந்தது. 1946 மாகாணத் தேர்தல்களில் தனி இடங்களைக் காங்கிரஸ் பெருவாரியாகக் கைப்பற்றியது. அம்பேத்கரும் சிவராஜும் வழிநடத்திய கூட்டமைப்பு நாடெங்கும் படுதோல்வி கண்டது. மாநகரின் முதல் குடிமகனாக ஒரு தலித் அமர்வதைப் பொறுத்துக்கொண்ட அரசியல், தலித் மக்களின் சொந்த அமைப்பு வெல்வதைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

1957

அந்தத் தோல்வியோடு அவர் ஒதுங்கவில்லை. 1957 பொதுத்தேர்தலில் செங்கல்பட்டு இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். அந்தச் செப்டம்பரில் இராமநாதபுரம் மாவட்டம் கலவரத்தில் எரிந்தது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தன. முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாகப் பங்கேற்ற இம்மானுவேல் சேகரன், மறுநாள் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதற்கு 22 நாள்கள் கழித்து, அக்டோபர் 3 அன்று, நாகபுரியில் இந்தியக் குடியரசுக் கட்சி தொடங்கப்பட்டது. சிவராஜ் அதன் முதல் தலைவரானார். இம்மானுவேல் காங்கிரஸ்காரர், சிவராஜ் அம்பேத்கரியர். ஆனால் சமமாக ஒரு இருக்கையில் அமர்வதற்கு நகரத்தில் என்ன விலை, வறண்ட நிலத்துக் கிராமத்தில் என்ன விலை என்பதை அந்த ஒரே மாதம் நமக்குக் காட்டுகிறது.

புதிய கட்சி விரைவிலேயே மராட்டியத்தில் பிளவுபட்டது. தமிழகத்தில் திராவிட இயக்கத்தின் எழுச்சிக்கு நடுவே வேர்விட முடியாமல் போனது. அந்தப் பிளவுகளைத் தடுக்கச் சிவராஜின் தலைமையால் இயலவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை. 1964இல், தம் பிறந்தநாளான செப்டம்பர் 29 அன்று, புதுதில்லியில் அவர் காலமானார்.

நமக்கான கேள்வி

2022இல் சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர் வந்தபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் சிவராஜின் வாழ்வு மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேட்கச் சொல்கிறது. நாற்காலியில் அமர்த்தியவர் யார்? கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம்? அமர்ந்தவருக்குப் பின்னால் நிற்கும் அமைப்பு எது?

முதல் இரண்டுக்கும் சட்டத்தில் போராட இடம் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், ஊராட்சியிலோ நகராட்சியிலோ பொறுப்பு வகிக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பதை 3(1)(எம்) பிரிவின்கீழ்க் குற்றமாக்கியிருக்கிறது. கையெழுத்து மறுக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதைத் தேதியிட்டு எழுத்தில் பதிவு செய்யுங்கள். தீர்மான நகலையும் திரும்பிய காசோலையையும் பாதுகாத்து வையுங்கள். ஆவணம் இருந்தால் மட்டுமே இந்தப் பிரிவு நீதிமன்றத்தில் உயிர் பெறும்.

மூன்றாவது கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. மேயர் பதவிக்காலம் முடிந்தபின்னும் சிவராஜ் இரண்டு அகில இந்திய அமைப்புகளின் சுமையைத் தோளில் ஏற்றி நடந்தது அந்த விடையைத் தேடித்தான். கரிசல் ஊர்களின் தனி ஊராட்சித் தலைவர்கள் இன்று தனித்தனியாகவே அலுவலக வாசல்களில் காத்து நிற்கிறார்கள். அவர்களை ஒன்றியம்தோறும் ஒரு சங்கமாகத் திரட்டும் வேலை இன்னும் தொடங்கப்படாமலேயே இருக்கிறது.