தீக்குச்சிகளுக்கு உயிரூட்டிய கலைஞர்

சென்னை மாநகரின் வடபால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய ஊர்கள் கடலையொட்டி அமைந்துள்ளன. துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி அது. திருவொற்றியூரில் விம்கோ நகர் என்று ஓர் இடம் உண்டு. மேற்கு இந்தியத் தீப்பெட்டிக் கம்பெனி என்பதன் ஆங்கிலப் பெயர் சுருங்கி விம்கோ என்றாயிற்று. 1923ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனம் திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையொன்றை நடத்தியது. ஆலையின் பெயர் அவ்விடத்தின் பெயராக நிலைத்தது. புகைவண்டி நிலையமும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

தீக்குச்சி மிகச் சிறிய பொருள். ஒருமுறை உரசினால் எரிந்து கரியாகிவிடும். அதனை ஒரு பொருட்டாக எண்ணுவோர் இலர். ஆயினும் விம்கோ நிறுவனம் தோன்றுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1915ஆம் ஆண்டில், கலைஞர் ஒருவர் தீக்குச்சிகளை எடுத்து அடுக்கி, அவை தாமே இயங்குவனபோலத் திரையில் தோன்றச் செய்தார். இந்தியாவில் கார்ட்டூன் படக் கலைக்குக் கால்கோளாக அமைந்தது அம்முயற்சி. அக்கலைஞரே, இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்பெறும் தாதாசாகேப் பால்கே ஆவார்.

பிறப்பும் கல்வியும்

மகாராட்டிரத்தில் நாசிக் நகருக்கு அண்மையில் திரியம்பகம் என்னும் திருத்தலம் உள்ளது. கோதாவரி ஆறு பிறக்கும் மலைச்சாரலில் அமைந்தது அவ்வூர். அங்கே 1870ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 30ஆம் நாள் துண்டிராஜ் கோவிந்த பால்கே பிறந்தார். தாதாசாகேப் என்பது பிற்காலத்தில் மக்கள் மதிப்புடன் வழங்கிய பெயர். அவர்தம் தந்தையார் வடமொழி வல்லுநர். அவருக்குப் பம்பாயில் கல்லூரி ஆசிரியர் பணி கிடைத்தமையால் குடும்பம் அந்நகரில் குடியேறிற்று.

இளம் பால்கேவின் உள்ளம் ஓவியத்திலும் நாடகத்திலும் படிந்திருந்தது. 1885ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள ஜே. ஜே. ஓவியப் பள்ளியில் அவர் சேர்ந்தார். பின்னர்ப் பரோடாவிலுள்ள கலாபவனத்தில் பயின்றார். ஓவியம் வரைதல், உருவம் வார்த்தல், புகைப்படம் எடுத்தல், அச்சுக்கட்டை செய்தல் எனப் பல கலைகளையும் கற்றுத் தேர்ந்தார். கண்ட தொழிலையெல்லாம் கற்க விழைந்த அவருடைய போக்கினை, ஒன்றிலும் நிலையாதவர் என்று உலகம் குறைகூறியிருக்கலாம். ஆனால் அவர் கற்ற கலைகளுள் ஒன்றேனும் பின்னாளில் பயனின்றிப் போகவில்லை.

தொழில்களும் துன்பங்களும்

கல்வி முடிந்தபின் கோத்ரா என்னும் ஊரில் பால்கே புகைப்படத் தொழிலை மேற்கொண்டார். அக்காலத்தில் மேற்கு இந்தியாவெங்கும் கொள்ளைநோய் பரவியது. அந்நோய்க்கு அவர்தம் மனைவியும் குழந்தையும் இரையாயினர். துயரம் தாங்காத அவர் அவ்வூரைவிட்டு நீங்கினார். வெளிநாட்டு வித்தைக்காரர் ஒருவரிடம் மாயவித்தை கற்றார். தம் பெயரின் எழுத்துகளை இடம்மாற்றி, கெல்பா என்னும் புனைபெயரோடு மேடையேறினார். இல்லாததை இருப்பதுபோலக் காட்டும் அவ்வித்தை, திரைக்கலைக்கு அவரை ஆயத்தப்படுத்திற்று எனலாம்.

1902ஆம் ஆண்டில் அவர் மீண்டும் மணம் செய்துகொண்டார். அவ்வம்மையார் சரசுவதிபாய் என்று அழைக்கப்பட்டார். மறு ஆண்டு பால்கே தொல்பொருள் ஆய்வுத் துறையில் வரைவாளராகவும் புகைப்படக்காரராகவும் அமர்ந்தார். சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய காலத்தில் அரசுப் பணியைத் துறந்து, லோனாவ்லாவில் அச்சகம் தொடங்கினார். ஓவியர் இரவிவர்மாவின் படங்களை அச்சிடும் பணியிலும் ஈடுபட்டார். வண்ண அச்சு எந்திரங்களை வாங்க 1909ஆம் ஆண்டில் செருமனி நாட்டிற்கும் சென்று வந்தார். தொழில் செழித்த வேளையில் கூட்டாளிகளோடு கருத்து வேறுபாடு எழுந்தது. பால்கே வெறுங்கையுடன் வெளியேறினார். அப்போது அவருக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

திரை காட்டிய வழி

1911ஆம் ஆண்டு ஈசுடர்த் திருநாளை ஒட்டிப் பம்பாயில் இயேசு பெருமானின் வாழ்க்கைப் படம் ஒன்று காட்டப்பட்டது. ஊமைப் படமாகிய அதனைப் பால்கே தம் மனைவியாரோடு கண்டார். திரையில் இயேசுவின் வரலாறு ஓடியபோது, அவர்தம் மனக்கண்ணில் கண்ணனும் இராமனும் தோன்றினர். நம் நாட்டுக் கதைகளை நம் நாட்டவரே படமாக்குதல் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவருள்ளத்தில் வேரூன்றியது.

அன்று முதல் நாள்தோறும் பல மணி நேரம் படங்களைப் பார்த்தார். கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். உறக்கம் மறந்து ஆராய்ந்தார். ஓய்வற்ற உழைப்பினால் கண்ணொளி மங்கியது. சில காலம் பார்வையே இழந்தார். மருத்துவரின் முயற்சியால் பார்வை மீண்டது. மீண்டதும் அவர் முன்பு விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின்பேரில் கடன் பெற்று, 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகர் சென்றார். அங்குத் திரைப்பட இதழின் ஆசிரியர் ஒருவரும், செசில் எப்வொர்த் என்னும் படத் தயாரிப்பாளரும் அவருக்கு உதவினர். சில கிழமைகளில் தொழில் நுட்பங்களைக் கற்றுக்கொண்டு, படமெடுக்கும் கருவிக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத் தாயகம் திரும்பினார்.

பட்டாணிச் செடி

கருவி கிடைத்துவிட்டது, பொருள் கிடைக்கவில்லை. புதிய தொழிலில் பணம் இட எவரும் முன்வரவில்லை. சொல்லால் நம்பாதவரைச் செயலால் நம்பச் செய்யப் பால்கே துணிந்தார்.

ஒரு தொட்டியில் மண் நிரப்பிப் பட்டாணி விதைகளை ஊன்றினார். அதன் எதிரே படக் கருவியை அசையாது நிறுத்தினார். விதை முளைவிட்டது, தண்டு நீண்டது, இலை விரிந்தது, கொடி படர்ந்தது. ஒரு திங்களுக்கும் மேலாக, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, ஒவ்வொரு படமாக அவ்வளர்ச்சியைப் பதிவு செய்தார். அப்படச் சுருளைத் திரையில் ஓட்டியபோது, பல நாள் வளர்ச்சி ஓரிரு நிமிடங்களில் கண்முன் நிகழ்ந்தது. கண்டவர் வியந்தனர். செல்வர் சிலர் கடன் தர இசைந்தனர்.

இச்சிறு படம் கார்ட்டூன் படக் கலையின் அடிப்படையையே கையாண்டது. திரையில் நாம் காணும் இயக்கம் உண்மையில் இயக்கம் அன்று. அசையாத படங்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றுகின்றன. நம் கண் அவற்றை இணைத்து ஓர் இயக்கமாகக் கொள்கிறது. பட்டாணிச் செடியில் இயற்கை தானே பொருளை மாற்றியது; கலைஞர் காத்திருந்து பதிவு செய்தார். தீக்குச்சியிலோ கலைஞரே பொருளை மாற்றுதல் வேண்டும். இரண்டிற்கும் வேண்டியது பொறுமை ஒன்றே.

அரிச்சந்திரன் படம்

கிடைத்த கடனைக் கொண்டு ‘இராஜா அரிச்சந்திரா’ என்னும் படத்தைப் பால்கே எடுத்தார். பெண்கள் நடிக்க முன்வராமையால், உணவு விடுதியில் பணிபுரிந்த சாளுங்கே என்னும் இளைஞரே சந்திரமதியாக நடித்தார். அரிச்சந்திரன் மகனாகப் பால்கேவின் மூத்த மைந்தர் தோன்றினார்.

இப்படத்தின் வெற்றியில் சரசுவதிபாயின் பங்கு பெரிது. அவ்வம்மையார் தம் நகைகளைத் தந்தார். படக்குழுவினர் அனைவருக்கும் நாள்தோறும் சமைத்துப் படைத்தார். அக்காலத்துப் படச்சுருளின் ஓரங்களில் துளைகளை நாமே இடவேண்டியிருந்தது. வெளிச்சம் பட்டால் சுருள் கெட்டுவிடும். ஆகவே பகலெல்லாம் அடுக்களையில் உழைத்த அவர், இரவில் இருட்டறையில் அமர்ந்து அத்துளைகளை இட்டார். படங்களைக் கழுவித் தெளிவிக்கும் முறையையும் கற்றார். திரையில் அவர் உருவம் தோன்றவில்லை. எனினும் அவர் கைபடாத சுருள் இல்லை.

1913ஆம் ஆண்டு மே திங்கள் 3ஆம் நாள் பம்பாய் காரனேசன் அரங்கில் அப்படம் மக்களுக்குக் காட்டப்பட்டது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று அது பொதுவாகப் போற்றப்படுகிறது. பின்னர்ப் பால்கே நாசிக் நகரில் தம் படநிலையத்தை அமைத்து மேலும் படங்கள் எடுத்தார். 1914ஆம் ஆண்டில் அப்படங்களுடன் மீண்டும் இலண்டன் சென்றார். அங்கே நல்ல ஊதியத்துடன் தங்கிப் பணிபுரியுமாறு அழைப்பும் வந்தது. தம் கலை தம் நாட்டிலேயே வளர்தல் வேண்டும் என்று கருதிய அவர், அவ்வழைப்பை ஏற்கவில்லை.

போரும் தீக்குச்சியும்

அவ்வாண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்க் கலங்கள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் பலர் அஞ்சி நகரைவிட்டு ஓடினர். போரினால் கடல் வாணிகம் தளர்ந்தது. படச்சுருளோ அக்காலத்தில் கப்பல் வழியாகவே அயல்நாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. சென்னையில் குண்டாக விழுந்த போர், நாசிக்கில் வறுமையாக நுழைந்தது. பால்கேவுக்குப் பணம் தந்தோர் கையை மூடிக்கொண்டனர். பணியாளர்கள் குறைந்த ஊதியத்துக்கு உழைக்க இசைந்தனர். பெரிய படம் எடுக்க வழியில்லாமற் போயிற்று.

அந்நெருக்கடியில் எழுந்ததே தீக்குச்சிப் படம். மராத்தியில் அது ‘ஆக்காட்யாஞ்சி மௌஜ்’ எனப்பட்டது. தீக்குச்சிகளின் களியாட்டம் என்பது அதன் பொருள். பிரான்சு நாட்டில் எமில் கோல் என்பார் 1908ஆம் ஆண்டிலேயே தீக்குச்சிகளைக் கொண்டு இத்தகைய படம் எடுத்திருந்தார். இந்தியாவில் அக்கலை வேறு எவர்க்கும் கைவரவில்லை.

இத்தகைய படத்தை எடுக்கும் முறை எளிதுபோலத் தோன்றும். குச்சிகளை ஓர் உருவமாக அடுக்கி ஒரு படம் எடுத்தல் வேண்டும். பின்னர்க் குச்சிகளை மயிரிழையளவு நகர்த்தி மற்றொரு படம் எடுத்தல் வேண்டும். ஊமைப் பட நாளில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. ஆகவே ஒரு நிமிடக் காட்சிக்கு ஏறத்தாழ 960 படங்கள் வேண்டும். இடையில் ஒரு குச்சி தவறி நகர்ந்தாலும், கருவி சற்றே அசைந்தாலும் காட்சி கெடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இவ்வேலைக்கு நடிகர் வேண்டா, மாளிகை வேண்டா, படை பரிவாரம் வேண்டா. ஒரு சில காசுக்குக் கிடைக்கும் தீப்பெட்டியும், சலியாத கையும், காத்திருக்கும் மனமும் போதும். பால்கேவிடம் அப்போது எஞ்சியிருந்தவை அவையே.

தமிழகத்தில் பரவிய புகழ்

1917ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இலங்கா தகனம்’ பால்கேவின் வறுமையைப் போக்கியது. சாளுங்கே என்னும் அந்நடிகரே அதில் இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார். மக்கள் திரள்திரளாகச் சென்று கண்டனர். சென்னையில் அப்படத்தால் திரண்ட நாணயங்களை மூட்டைகளாகக் கட்டி, காவலர் துணையுடன் மாட்டு வண்டியில் ஏற்றிச் சென்றதாகத் திரைப்பட வரலாற்றாசிரியர் கூறுவர். சென்னையில் வண்டிப் பொறிகளின் உதிரி உறுப்புகளை வாணிகம் செய்துவந்த நடராச முதலியார், பால்கேவின் படங்களைக் கண்டே ஊக்கம் பெற்றார். அவர் எடுத்த ‘கீசகவதம்’ தென்னாட்டின் முதல் கதைப்படம் ஆயிற்று. நாசிக்கில் ஊன்றிய விதை சென்னையிலும் முளைத்தது.

இறுதிக் காலம்

1918ஆம் ஆண்டில் பால்கே கூட்டாளிகளோடு இந்துஸ்தான் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டில் வெளிவந்த ‘காளிய மர்த்தனம்’ படத்தில் அவர்தம் மகள் மந்தாகினி கண்ணனாக நடித்தாள். ஆயினும் கூட்டாளிகளோடு மீண்டும் பிணக்கு நேர்ந்தது. சில காலம் காசியில் தங்கி நாடகம் எழுதினார். பின்னர்த் திரும்பி வந்து உழைத்தார். இதற்கிடையில் படங்கள் பேசத் தொடங்கின. காலம் விரைந்து மாறியது. ஊமைப் படக் கலைஞர் பின்தங்கினர். 1937ஆம் ஆண்டில் ‘கங்காவதரணம்’ என்னும் பேசும் படத்தை எடுத்ததோடு பால்கேவின் திரைப்பணி முடிவுற்றது. நாசிக்கில் அமைதியாக வாழ்ந்த அவர், 1944ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 16ஆம் நாள் இயற்கை எய்தினார். ஒரு காலத்தில் நாடே கொண்டாடிய அவரை, அந்நாளில் நினைத்தோர் மிகச் சிலரே.

ஆனால் அவர் தொட்டுவைத்த கலை நின்றுவிடவில்லை. 1934ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ‘பட்டாணிச் சகோதரர்’ என்னும் பொருள்படும் கார்ட்டூன் படம் வெளிவந்தது. பின்னர் இந்திய அரசின் படப்பிரிவு பம்பாயில் கார்ட்டூன் பகுதி ஒன்றை அமைத்தது. அமெரிக்காவில் வால்ட் டிசுனியின் நிலையத்தில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் என்பார் அங்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். புத்தர் சாதகக் கதையொன்றைத் தழுவிய ‘ஆலமரத்து மான்’ என்னும் படம் 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1969ஆம் ஆண்டில் இந்திய அரசு பால்கேவின் பெயரால் திரைத்துறையின் மிகவுயர்ந்த விருதை ஏற்படுத்தியது. சிவாஜி கணேசன், கே. பாலசந்தர், இரஜினிகாந்த் ஆகியோர் அவ்விருது பெற்ற தமிழ்த் திரையுலகத்தினர் ஆவர்.

பெரும்பொருள் கிடைத்தால்தான் பெருஞ்செயல் ஆற்றலாம் என்று பலர் காத்திருந்து காலம் கழிப்பர். பால்கே கையிலிருந்ததை எடுத்துக்கொண்டு தொடங்கினார். ஒருமுறை அது பட்டாணி விதையாக இருந்தது. மற்றொருமுறை அது தீக்குச்சியாக இருந்தது. ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு மயிரிழையாக நகர்ந்த அவர்தம் உழைப்பு ஒரு நாட்டின் கலையாக வளர்ந்தது. எரிந்து அவியும் தீக்குச்சிக்கும் உயிரூட்டிய அப்பொறுமையே, அவர்தம் பெயரையும் அழியாமல் காக்கிறது.